எண்ணெய்ச்சட்டி வைக்காத வருடம்

1 யூலை 1963, திங்கள்

சோளகக் காற்று அடிக்கிறது. கடல் கலங்கல். இறால் இல்லை என்று பக்கத்து வளவு இன்னாசித்தம்பி சொன்னான்.

புதுக் கொப்பி வாங்கினேன். முதல் கொப்பி அ, ஆவன்னாவிலும் என் பெயரிலும் முடிந்துவிட்டது. வாசிகசாலையில் முதியோர் வகுப்பு நடத்தும் சோமசேகரம் வாத்தியார், “தம்பிராசா அண்ணை, இனி ஒவ்வொரு நாளும் ரெண்டு வரி எழுதுங்கோ. என்னத்தையெண்டாலும் எழுதுங்கோ” என்றார். வகுப்பில் ஆறு பேர். எனக்குத்தான் வயது கூட. அறுபத்தேழு. முழங்கால் மடங்காததால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

இரண்டு வரி என்றார். நான் எத்தனை வரி எழுதிவிட்டேன்!

வீட்டில் மூன்று பேர். நான், மருமகள் நாகேஸ்வரி, பேத்தி மீனாம்பிகை. என் மகன் சீவரத்தினம் தையில் நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டான். முப்பத்திரண்டு வயது. இதை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சலில் “ய்ச்ச” மட்டும் நெருக்கமாக விழுந்துவிட்டது.

3 யூலை

நாகேஸ்வரி இன்று பேசியது: ஓம். இல்லை. ஓம்.

7 யூலை, ஞாயிறு

இன்னாசித்தம்பியின் மகள் யசிந்தாவுக்கு இன்று பிறந்தநாள். மீனாவும் அவளும் ஒரே வகுப்பு. மாதா கோயில் பூசை முடிந்து வந்து மீனாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் மீனா ஒரு துண்டுக் கேக்கைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள். அங்கே என்னென்ன தின்றார்கள் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:

கேக். வாழைப்பழம். பிஸ்கட். சான்ட்விச், மூன்று நிறம். தோடம்பழத் தண்ணி.

சான்ட்விச் என்ற சொல்லை எழுத நெடுநேரம் பிடித்தது. எழுதி முடித்ததும் எழும்பி நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோசம். பாணை மெல்லிசாக வெட்டி, ஓரம் நீக்கி, நடுவில் எதையாவது பூசி மூடுவதாம். பீற்றூட் சாறு விட்டால் சிவப்பு. அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பெரிய பெயர்?

“எங்கடை வீட்டிலை எப்ப அப்பு?” என்று மீனா கேட்டாள்.

“வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியட்டும் பிள்ளை” என்றேன்.

எங்களில் சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு அடுப்பில் எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டோம். பலகாரம் சுடுவதில்லை. அயலவர்கள் கொண்டுவந்து தந்தால் தின்னலாம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதுகிறேன், எழுத ஆசையாக இருக்கிறது.

போன வருடம் வரை மீனாவின் பிறந்தநாளுக்கு நாகேஸ்வரி வாழைப்பழமும் மாவும் பிசைந்து எண்ணெயில் வாய்ப்பன் சுடுவாள். வயதுக்கு ஒன்று, வருகிற வயதுக்கு ஒன்று கூட. பிள்ளைதான் தன் கையால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். முதலாவது தகப்பனுக்கு. சீவரத்தினம் கையை நீட்டமாட்டான். வாயைத் திறந்துகொண்டு முட்டுக்காலில் நிற்பான்.

15 யூலை

வாத்தியார் பஞ்சாங்கத்தை இரவல் தந்தார். ஆடி மாதத்தில் அத்த நட்சத்திரம் எந்த நாள் என்று நானே தேடிக் கண்டுபிடித்தேன். யூலை 26, வெள்ளி. மீனா பிறந்தது ஆடி அத்தம். இத்தனை வருடமும் ஐயரிடம் போய்க் கேட்டோம்! அக்கா சிவக்கொழுந்திடம் சொன்னேன். “நீ பஞ்சாங்கம் பார்த்தால் அமாவாசையிலை நிலவு எறிக்கும்” என்றாள். அவள் அப்படித்தான்.

26 யூலை, வெள்ளி

காலையில் மீனாவைக் குளிக்க வைத்து, சுவாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, ஒரு கதலிப்பழமும் கொஞ்சம் சீனியும் கையில் கொடுத்தேன்.

“இண்டைக்கு உனக்கு ஏழு வயசு.”

அவள் பழத்தைத் தின்றுவிட்டுச் சொன்னாள்: “இண்டைக்கு இல்லை அப்பு. ஓகஸ்ட் பதினொண்டு. பள்ளிக்கூட இடாப்பிலை அப்பிடித்தான் கிடக்கெண்டு ரீச்சர் சொன்னவ.”

“இடாப்புக்கு என்ன தெரியும்? நான் பஞ்சாங்கத்திலை பார்த்தனான்.”

“யசிந்தாக்கும் திகதிதான். எல்லாருக்கும் திகதிதான்.”

நாகேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

27 யூலை

தகரப்பெட்டியைத் திறந்தேன். அவன் போன பிறகு ஒருவரும் திறக்கவில்லை. மீனாவின் பிறப்புப் பத்திரம் அடியில் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிள்ளை சொன்னது சரி. 1956 ஓகஸ்ட் 11.

கீழே வந்தேன். தகப்பனின் பெயர்: தம்பிராசா சீவரத்தினம்.

என் பெயரும் அவன் பெயரும் ஒரே வரியில். நான் வாசித்துவிட்டேன். ஒருவரும் சொல்லித் தராமல் நானே வாசித்துவிட்டேன். அந்த நேரம் எனக்கு வந்தது சந்தோசம். வேறொன்றும் வரவில்லை. மகன் செத்து ஆறு மாதம், அவன் பெயரைப் பார்த்து எனக்குச் சந்தோசம் — நான் என்ன மனிசன்? சுடலையிலையும் அழேல்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவிலும் அழேல்லை. சனம் என்ரை முகத்தைப் பார்த்தது. மரக்கட்டை எண்டு நினைச்சிருக்கும். கையைக் கிள்ளிப் பார்த்தன். நோகுது. அப்ப உள்ளுக்கை மட்டும் ஏன் ஒண்டும் இல்லை?

பெட்டியை மூடினேன்.

2 ஓகஸ்ட், வெள்ளி

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டுவிட்டார்கள். 11ஆம் திகதியைப் பற்றி நாகேஸ்வரியிடம் சொன்னேன். “இந்த முறை வேண்டாம் மாமா” என்றாள். நாலு சொல். மீனா அதைக் கேட்டாள். அடம் பிடிக்கவில்லை.

பிறகு என்னிடம் வந்து, “எங்கடை வீட்டிலை தண்ணி குடிக்கிற பேணி எத்தினை இருக்கு அப்பு?” என்றாள்.

“ஐஞ்சு. ஏன்?”

“சும்மா.”

9 ஓகஸ்ட்

வலை பொத்தினேன். சாப்பிட்டேன். படுத்தேன்.

11 ஓகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கை நோகும். நோகட்டும்.

பின்னேரம் மூன்று மணிபோல் படலையடியில் சத்தம். பார்த்தால் யசிந்தா. தலையில் ரிபன், முகம் முழுக்கப் பவுடர், கையில் தாளில் சுற்றிய சவர்க்காரம். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பிள்ளைகள். எல்லாம் குளித்து வெளிக்கிட்டு நிற்கின்றன.

“என்ன பிள்ளையள்?”

“மீனான்ரை பிறந்தநாளுக்கு வந்தனாங்கள்” என்றாள் யசிந்தா. என்னை விலத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

மீனா போன வருடச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அது முழங்காலுக்கு மேலே நின்றது.

“நீ கூப்பிட்டனியோ?”

நிலத்தைப் பார்த்தாள். “ஓம் அப்பு. பள்ளிக்கூடம் விடுற அண்டைக்கு. எல்லாற்றை வீட்டையும் போய்த் திண்டனான். திருப்பிக் கூப்பிடாட்டி இனி என்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்.”

சந்திக் கடையில் பிஸ்கட் வாங்கலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை பூட்டு. இன்னாசித்தம்பி வீட்டில் கேட்கலாம் என்றால், எந்த முகத்தோடு? பிள்ளைகள் வரிசையாக முற்றத்தில் குந்திவிட்டன. ஒன்று, “கேக் வெட்டேல்லையோ?” என்றது. மீனாவின் வாய் கோணத் தொடங்கியது.

அறைக்குள் பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. மத்தியானத்தில் படுத்தால் விளக்கு வைக்கும்வரை நாகேஸ்வரி எழும்புவதில்லை. வெளியே வந்தாள். பிள்ளைகளை விரலால் எண்ணினாள்.

“மீனாவோடை எட்டு” என்றாள். தலையை அள்ளி முடிந்தாள். “மாமா, ரெண்டு தேங்காய் உரிச்சுத் தாங்கோ. மா கிடக்குது.”

நான் உரித்தேன். அவள் துருவினாள். கோதம்பமாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தாள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவவில்லை. வெறுங்கல்லில் ரொட்டி தட்டிப் போட்டாள். ஒவ்வொரு ரொட்டியிலும் பேணியின் வாயைக் கவிழ்த்து அமத்தி வட்டம் வட்டமாக வெட்டினாள். கதலிப்பழத்தைச் சீனியோடு பிசைந்து, இரண்டு வட்டத்துக்கு நடுவில் பூசி மூடினாள். கறிக்கு வைத்திருந்த பீற்றூட்டைச் சுரண்டிப் பிழிந்து, மிச்சத் தேங்காய்ப்பூவைச் சிவப்பாக்கி மேலே தூவினாள். இதெல்லாம் எங்கே பார்த்தாள்? அன்றைக்கு மீனா எனக்குச் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

யசிந்தா கிட்டப் போய்ப் பார்த்தாள். “மாமி, இது ரொட்டியெல்லோ?”

“இல்லைப் பிள்ளை. வட்டச் சான்ட்விச்.”

“சான்ட்விச் சதுரமெல்லோ?”

“அது உங்கடை வீட்டிலை.”

தேசிக்காய் பிழிந்து சீனித் தண்ணீர் கரைத்தோம். ஐந்து பேணிதான். மற்ற மூன்று பேருக்குச் சிரட்டையில் வார்த்தேன். பிறகு எல்லாருக்கும் சிரட்டைதான் வேண்டுமாம். அடிபாடு.

அந்த நேரம் பார்த்து அக்கா படலையைத் திறந்தாள். சத்தம் அவள் வளவுக்குக் கேட்டிருக்கிறது.

“என்னடா தம்பி இது? என்ரை மருமோன் போய் வருசம் திரும்பேல்லை. அதுக்கிடையிலை கொண்டாட்டமோ?”

பிள்ளைகள் வாயை மூடிவிட்டன. நான் நாகேஸ்வரியைப் பார்த்தேன். பழையபடி உள்ளே போய்ப் படுத்துவிடப் போகிறாள், இனி எழும்பவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் தட்டத்தைக் கீழே வைக்கவில்லை.

“எண்ணெய் வைக்கேல்லை மாமி. வந்து கல்லைத் தடவிப் பாருங்கோ. பிள்ளையள் வந்திட்டுதுகள். வெறுவயித்தோடை அனுப்பச் சொல்லுறியளோ?”

அக்கா உண்மையாகவே குசினிக்குள் போய்க் கல்லைத் தடவிப் பார்த்தாள்! விரலை மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தாள். திரும்பி வந்து நின்றாள்.

நாகேஸ்வரி தட்டத்தை மீனாவின் கையில் கொடுத்தாள். மீனா ஒன்றை எடுத்தாள். எடுத்துவிட்டு நின்றாள். முதலாவதை யாருக்குக் கொடுப்பது? தாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் பிடித்தபடி நிற்கிறாள். நான் வாங்கியிருக்கலாம். நான்தானே அவனைப் பெத்தவன். என்ரை கை ஏன் நீளேல்லை?

“இஞ்சை கொண்டா” என்றாள் அக்கா. “அவன் பிறந்த உடனை முதல் தூக்கினவள் நான். அவன்ரை பங்கு எனக்கு.”

குனிந்து வாயைத் திறந்தாள். மீனா ஊட்டினாள். அக்கா மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, மென்றுகொண்டே நின்றாள். விழுங்கிவிட்டு, “சீனி கூடிப்போச்சு” என்றாள்.

யசிந்தா கை தட்டத் தொடங்கினாள். மற்றதுகளும் தட்டின. ஏதோ இங்கிலீசுப் பாட்டு, சொல் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

12 ஓகஸ்ட்

நேற்று எல்லாரும் அழுதார்கள். அக்கா, நாகேஸ்வரி, கடைசியில் மீனாவும். நான் சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.

18 ஓகஸ்ட், ஞாயிறு

காலையில் இன்னாசித்தம்பி வந்தான். “அண்ணை, உங்கடை மருமோளின்ரை வட்டச் சான்ட்விச்சாலை என்ரை வீட்டிலை நிம்மதி இல்லை. பாண் வேண்டாமாம். மனிசி செய்முறை கேக்கிறா. நீங்கள்தான் இப்ப எழுதுவியளே, ஒரு துண்டிலை எழுதித் தாங்கோவன்.”

என்னிடம் ஒருவர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தரம். பென்சிலை இரண்டு தரம் சீவினேன். நாகேஸ்வரியை முன்னால் இருத்தினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் ஒரு சொல் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னாள். அவளுக்கு இவ்வளவு பொறுமையா? எழுதும்போது எனக்குச் சொல் மட்டும்தான் தெரியும், சொன்னதன் கருத்துப் பிறகுதான் வரும். முடிந்ததும் பிழை பார்க்கச் சத்தமாக வாசித்தேன்.

“கோதம்பமா மூண்டு சுண்டு. தேங்காய்ப்பூ ஒண்டரைச் சுண்டு. உப்பு அளவுக்கு. சுடுதண்ணி விட்டு இறுக்கமாகக் குழைக்க வேணும். மெல்லிசாகத் தட்ட வேணும். கல்லிலை கனநேரம் விடக்கூடாது. அவருக்கு ஓரம் கருகினால்தான் பிடிக்கும். பிறகு பேணியாலை வெட்ட வேணும்...”

நான் நின்றுவிட்டேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

“நான் அப்பிடிச் சொன்னனானோ?”

“சொன்னபடியாலைதான் எழுதினனான் பிள்ளை. வெட்டிவிடட்டோ?”

தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“வேண்டாம் மாமா. கிடக்கட்டும்.”

எழும்பி உலை வைக்கப் போனாள்.

கொடுக்கிற தாள் துப்புரவாக இருக்க வேண்டும் என்று, நல்ல தாளில் முதலிலிருந்து திரும்ப எழுதினேன். “அவருக்கு” என்ற வரியில் தாள் நனைந்து ஊறிப் போய்விட்டது. கிழித்தேன். அடுத்த இரண்டு தாளும் அப்படித்தான். மீனா பக்கத்தில் வந்து நின்று, தன் சட்டை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நாலாவது தாளைத்தான் இன்னாசித்தம்பியிடம் கொடுக்க முடிந்தது.