சாம்பல் போட்டுத் தேய்ச்ச தங்கக் குமிழ்

கலேசோங், வெள்ளிக்கிழமை

ரன்னு, உனக்கு உங்கப்பனோட சலாம். நான் ஒண்ணும் பொய் சொல்லல தாயே, வாய்க்குள்ள பிரஷ்ஷாலதான் தேய்க்கிறேன்னு சொன்னேன், பிரஷ்ல என்ன வெச்சுத் தேய்க்கிறேன்னு நீ கேக்கவே இல்ல, அதுக்குள்ள கத்திட்டு போனை வெச்சிட்டே. இங்க எல்லாரும் சுகம், என் கீழ்த்தாடையைத் தவிர. அந்த ஹாலந்துக் குளிர்ல நீ காதை மூடிக்கிட்டுதானே வெளிய போறே? நான் சொல்லச் சொல்ல இதை எழுதுறது உங்கம்மா, மூணாங்கிளாஸோட நின்னவன் கையெழுத்தை நீ படிக்க மாட்டேன்னு அவளுக்கு எண்ணம். போன்ல பேசினா குறுக்கே பாயுறே, காகிதத்துல பாய முடியாது பாரு. உன் சிநேகிதி நாளைக்குக் கிளம்புறா, கருவாட்டுப் பொட்டலத்தோட இதையும் குடுத்து விடுறேன்.

விஷயம் இதுதான். என் தாடையில ரெண்டு டைட்டானியம் ஆணி இறக்கி, அது மேல பல்செட்டு மாட்டுறதுக்கு தங்க நிறத்துல ரெண்டு குமிழ் வெச்சாங்கல்ல, அதைப் பார்க்காதவன் இந்த ஊர்ல எவனும் இல்ல. காப்பிக்கடையில பல்செட்டைக் கழட்டி மேசையில வெச்சிட்டு வாயைத் திறந்து காட்டுவேன். ஒருநாள் அந்த டாயெங் நாபா எட்டிப் பார்த்துட்டு, “என்னய்யா மங்கிக் கிடக்கு, உனக்குப் பித்தளையை வெச்சு ஏமாத்திட்டாங்களா?”ன்னான். கடையே சிரிச்சுது. அன்னிக்கு வீட்டுக்கு வந்து உங்கம்மா பாத்திரம் தேய்க்கிற சாம்பலை பிரஷ்ல தொட்டுத் தேய்ச்சேன், பளபளன்னு ஆயிடுச்சு. அப்புறம் தினமும். சாம்பல் சீக்கிரம் தீருதேன்னு பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டாளே உங்கம்மா, பாவம் அந்தப் பொம்பளை. எழுதுடி, முறைக்காம எழுது.

இப்ப தங்கத்தோல் போயி சாம்பல் நிறம் தெரியுது, கோடு கோடா கீறல், ஈறுல ரத்தம். மேல இருக்கிற குமிழ் வழவழப்பா இருந்தாத்தான் கிருமிக்குப் பிடி கிடைக்காது, கீறினா அது குடித்தனம் பண்ண வீடு கட்டிக் குடுத்த மாதிரின்னு நீ போன்ல சொன்னே. எலும்புக்குள்ள போற பாகத்தை வேணும்னே சொரசொரப்பா செஞ்சிருக்கு, எலும்பு பிடிக்கணும்னு, கிருமி அங்க இறங்கிட்டா அப்புறம் கிளப்பவே முடியாதுன்னும் சொன்னே. எனக்கா இது தெரியாது? நாப்பது வருஷம் படகு அடியில ஒட்டிக்கிற கொட்டலசுச் சிப்பியைச் சுரண்டினவன் நான். பலகையைச் சொரசொரன்னு விட்டவனை எத்தனை திட்டு திட்டியிருக்கேன். என் வாய்க்குள்ள மட்டும் புத்தி போகல.

ரெண்டு நாளா உக்கார முடியல, நடக்க முடியல, நாக்கு அந்த இடத்துக்கே போகுது. இந்த ஆணி போச்சுன்னா இன்னொண்ணு இறக்க எலும்பு இல்லன்னு டாக்டரம்மா ஆணி வெச்ச அன்னிக்கே சொல்லிட்டா. அப்ப மிச்ச ஆயுசுக்கும் கஞ்சிதான். நீ படிக்கிற படிப்பே இந்த உலோகத்துல கிருமி எப்படி ஒட்டுதுன்னுதானே, மறுபடி வழவழப்பாக்க முடியுமா, குமிழை மட்டும் மாத்தினாப் போதுமான்னு எழுது. அங்க சைக்கிள்ல பார்த்துப் போ, வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்காதே. இன்னொண்ணு, போன திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போனேன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேனே, போகல, காப்பிக்கடையிலதான் இருந்தேன். இடது பக்கம் அமுக்கினா பத்து நாளா சீழ் வ

இனிமே என் கையெழுத்து. உங்கம்மா பேனாவை வெச்சிட்டு எழுந்து போயிட்டா. நான் முடிக்கவே இல்ல. சாம்பல் டப்பாவையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. வாசல்ல மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகுது, ஹெல்மெட் ரெண்டு எடுத்துட்டா, ஹார்ன் அடிக்கிறா. அவகிட்ட கடைசியா ஒரு வரி எழுதச் சொல்லலாம்னு இருந்தேன், எனக்குப் பயமா இருக்குன்னு. நானே எழுதிட்டேன், காப்பிக்கடைக்குத் தெரிய வேண்டாம். அல்லா உன்னை நல்லா வெப்பான். காதை மூடிக்கோ. மறுபடி ஹார்ன்.

உங்கப்பன்
டாயெங் லிவாங்