பழைய கோர்ட்டில் கோஷா நாள்

மேலப்பேட்டை, மதுரை ஜில்லா
9-5-1938

அன்பு மகன் அப்துல் அலீமுக்கு, உன்னைப் பெத்த மைதீன் பீவி ஸலாம் சொல்லி எழுதுறது. இங்க நானும், உன் மாமா ஷேக் தாவூதும், மாமி ஜெயினம்பும் அல்லா காவல்ல சுகம். அங்க உன் சுகத்தை அறிய ஆசை.

உங்க அத்தா மௌத்தான சேதி, கொழும்புல இருந்து வந்த ஒருத்தர் மூலமா மாமாவுக்குத் தெரிஞ்சுச்சு. எங்களுக்குள்ள ஒத்துவரலை, பிரிஞ்சோம். ஆனாலும் அவருக்காக நாப்பது நாளும் யாசீன் ஓதினேன். உன்னை வளர்த்து ஆளாக்கினவர்.

உன்னைக் கூட்டிட்டுப் போறப்ப உனக்கு எட்டு வயசு. முதல் ரெண்டு வருசம் நான் போட்ட கடுதாசி எல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. பிள்ளை மனசைக் கலைக்காதேன்னு உங்க அத்தா ஆள் மூலமா சொல்லிவிட்டார். பிறகு நானும் நிறுத்திட்டேன்.

ஊர்ச் சேதி ஒண்ணு. நம்ம ஊர் கோர்ட்டு மதுரைக்கு மாறி மூணு வருசம் ஆச்சு, அந்தப் பழைய கட்டடத்தை இப்பக் காட்சிசாலை ஆக்கியிருக்காக. இந்தப் பக்கத்துப் பழம்பொருள் எல்லாம் அங்க சேருது. கீழக்குயில்குடி மலைப்பாறையில உள்ள எழுத்தை மை ஒத்தி எடுத்த தாள், படை வாளு, பழைய படி மரக்கா எல்லாம் இருக்காம். மாசத்துக்கு ஒரு விசேஷம் வைக்கிறாக. போன வாரம் சோழவந்தான் கொடிக்கால்காரங்களுக்கு வெத்திலைப் போட்டி. பிள்ளைக கைதிக் கூண்டுல ஏறி நின்னு, "நான் குத்தம் செய்யலை எசமான்"னு கத்துதுகளாம். மாமா சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. அந்தக் கட்டடத்துலதானே உன்னை அத்தாவுக்குன்னு தீர்ப்பு எழுதினாக.

உனக்கு நிக்காஹ் பேசியிருக்குன்னும் கேள்விப்பட்டேன். ஒத்தை வரியாவது எழுது தம்பி.

துஆவுடன்,
உன் அம்மா
மைதீன் பீவி


புறக்கோட்டை, கொழும்பு
24-5-1938

மைதீன் பீவி அம்மாள் அவர்களுக்கு, அப்துல் அலீம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அத்தாவுக்காக ஓதியதற்கு நன்றி. எனக்கு ரஜப் மாதம் பிறை பத்தில் நிக்காஹ். பெண்ணின் பெயர் பக்ருன்னிசா. தாங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

அந்தக் கோர்ட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அது ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாள் அதன் வாசலில், வேப்பமரத்தடியில் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கூண்டு வண்டி வந்து நிற்கும்போதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். யார் யாரோ இறங்கினார்கள். நீங்கள் வரவில்லை. "அம்மா எங்கே?" என்று கேட்டேன். "வரலை" என்று மட்டும் அத்தா சொன்னார். அதற்குமேல் இந்தப் பதினான்கு வருஷத்தில் உங்களைப் பற்றி நல்லதாகவும் கெட்டதாகவும் அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

ஊரைக் கூட்டிக்கொண்டா வரச் சொன்னேன்? ஒரு தடவை வந்து "இவன் எனக்கு வேணும்" என்று சொல்லியிருக்கலாம். வராதவருக்கு இப்போது எழுத என்ன இருக்கிறது? மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இனிமேல் கடிதம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ப. அப்துல் அலீம்


மேலப்பேட்டை
27-6-1938

மகன் அப்துல் அலீமுக்கு,

எழுத வேண்டாம்னு சொல்லியும் எழுதுறேன். இது ஒண்ணை மட்டும் படிச்சிரு. பிறகு உன் இஷ்டம்.

நீ வண்டி வண்டியா ஓடிப் பார்த்ததை இப்பத்தான் அறியுறேன். நானும் உன்னை எனக்கு வேணும்னு கேட்டேன்னு உடனே எழுதத்தான் நினைச்சேன். ஆனா என் வாய்ச்சொல்லை நீ எதுக்கு நம்பணும்? அதான் பேசாம இருந்தேன்.

போன வியாழக்கிழமை காட்சிசாலையில கோஷா நாள் வச்சாக. அன்னிக்கு ஆம்பிளைக உள்ள வரக் கூடாது, முக்காட்டுப் பொம்பளைக வந்து சாவகாசமாப் பார்க்கலாம். மாமி என்னை இழுத்துட்டுப் போனா. வாசலைத் திரை போட்டு மறைச்சிருந்தாக. உள்ள சுத்திக் காட்ட, பொண்ணுக பள்ளிக்கூடத்து டீச்சர் பாகீரதி அம்மா நின்னாக. நாப்பது அம்பது பேர் இருப்போம். கொஞ்ச நேரம் எல்லாரும் குசுகுசுன்னு பேசினாக. பிறகு உன் மாமி நேரா நடந்து போயி ஜட்ஜி நாற்காலியில ஏறி உக்காந்துட்டா! "எல்லாப் புருசனுக்கும் ஒரு வாரம் அடுப்படி வேலை"ன்னு தீர்ப்புச் சொன்னா பாரு, கட்டடமே கிடுகிடுத்துச்சு. நானும் சிரிச்சேன்.

எல்லாரும் அங்கிட்டுப் போன பிறகு டீச்சர்கிட்டக் கேட்டேன்.

"கோர்ட்டுக்கு வராத பொம்பளைக எங்க இருந்தம்மா சாட்சி சொன்னாக?"

"கோஷாப் பெண்களை இங்கே வரச் சொல்ல மாட்டாங்க. கமிஷனர்னு ஒரு வக்கீலை வீட்டுக்கே அனுப்புவாங்க. திரைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லச் சொல்ல எழுதிக்குவார்."

"எழுதுவாகளா? இல்லை, கேட்டுட்டுப் போயிருவாகளா?"

"ஒரு வார்த்தை விடாம எழுதணும். ஏன் கேக்குறீங்க?"

எனக்கு அழுகை வந்துருச்சு. எங்க வீட்டுக்கும் ஒரு கமிஷனர் வந்தார் தம்பி. நடு வீட்டுல வேட்டியைத் திரையாக் கட்டி, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும். மத்தியான லுஹர் தொழுகையில இருந்து சாயங்கால அசர் வரைக்கும் பேசினேன். தீர்ப்புல அதைப் பத்தி ஒரு எழுத்தும் இல்லைன்னு மாமா சொன்னதும், நான் பேசினதை எவனும் எழுதவே இல்லைன்னு நினைச்சேன். இம்புட்டு வருசமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

டீச்சரோட அப்பா பஞ்சாபகேசன் அந்தக் கோர்ட்டுல ஹெட் கிளார்க்கா இருந்து ஓய்வு வாங்கினவர். காட்சிசாலையை இப்ப அவர்தான் பார்த்துக்கிறார். பழைய வழக்குக் கட்டுகளை எரிச்சுரச் சொல்லி உத்தரவு வந்து, பாதியை எரிச்சும் போட்டாகளாம். மீதியை அவர் கெஞ்சிக் கேட்டுக் காட்சிசாலைக்குன்னு வாங்கி வச்சிருக்கார். "இருக்கான்னு தேடச் சொல்றேன், ஆசை வைக்காதீங்க"ன்னு டீச்சர் சொன்னாக. மூணு நாள் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

நேத்து டீச்சர் வீட்டுக்கே வந்தாக. வாசப்படி ஏறுறதுக்குள்ளயே, "இருக்கும்மா!"ன்னு சத்தம் போட்டாக.

பெரியவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த நகல் இதோட இருக்கு. கீழ என் பெருவிரல் ரேகை வச்ச இடத்தையும் குறிச்சிருக்கார். அப்ப எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பிறகு உனக்கு எழுதணும்னுதான் படிச்சேன்.

படி. பதில் போட வேண்டியது இல்லை.

அம்மா


புறக்கோட்டை, கொழும்பு
14-7-1938

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இதற்குள் நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

கடையில் வைத்துத்தான் பிரித்தேன். கமிஷனர் கேட்கிறார்: "பையன் யாரிடம் இருக்க வேண்டும் என்கிறாய்?" நீங்கள் சொல்கிறீர்கள்: "என்கிட்ட. நான் பெத்தேன், எனக்கு வேணும்." அடுத்த கேள்விக்கும் அதையே சொல்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், ஆறு இடத்தில் இருக்கிறது. "சாட்சி அழுதபடியால் கொஞ்ச நேரம் நிறுத்தப்பட்டது" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது. அதற்குமேல் கடையில் உட்கார முடியவில்லை.

மீதியை வீட்டில் படித்தேன். கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்கிறார். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவனுக்கு வலது காது மந்தம். வெளியில தெரியாது, அவனும் சொல்ல மாட்டான். கூப்பிட்டு வரலைன்னா திமிருன்னு அடிச்சுறக் கூடாது. யார்கிட்ட விட்டாலும் சரி, இடது பக்கமா நின்னு பேசச் சொல்லுங்க."

அம்மா, அத்தா கடைசிவரை எனக்கு இடது பக்கமாகத்தான் நடந்தார். கடைவீதிக் கூட்டத்தில் நான் மாறிப்போனால், தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றி இந்தப் பக்கம் வந்துவிடுவார். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வாத்தியாரிடம் அவர் முதலில் சொன்னதே இதுதான். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊரில் இருந்தபோது அவருக்கு இது தெரியாது, அவரிடம் அதற்காக அடி வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. இந்தக் காகிதத்தை அவர் படித்திருக்கிறார். நீங்கள் கேட்டதைச் செய்திருக்கிறார். நீங்கள் கேட்டீர்கள் என்பதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் அவர் மேல் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் அவரை அடக்கிய கபுருஸ்தானுக்குப் போய் ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தேன். இப்போது கோபம் இல்லை.

போன கடிதத்தில் நான் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது. நேரில் வருகிறேன். முப்பதாம் தேதி சனிக்கிழமை அங்கே இருப்பேன், ஒரு வாரம் தங்குவேன். திரும்பும்போது நீங்களும் மாமா மாமியும் என்னுடன் வர வேண்டும். பெண் வீட்டாரிடம், "என் அம்மா வராமல் நிக்காஹ் இல்லை" என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் தகப்பனார், "அம்மா இருக்கிறார்களா? முன்னாலேயே சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார்.

உங்கள் மகன்
அலீம்


மேலப்பேட்டை
20-7-1938

என் கண்ணான மகன் அலீமுக்கு,

வா. மானாமதுரையில இறங்கி மதுரை வண்டி மாறணும், தூங்கிறாதே. மாமா வண்டி கட்டிக்கிட்டு ஸ்டேசனுக்கு வருவார். நானும் வாரேன்.

அத்தா மேல கோவம் போயிருச்சுன்னு எழுதினியே, ரொம்பச் சந்தோசம். எனக்கும் அவர் மேல இருந்துச்சு. நான் சொன்னதை ஒருத்தர் காதுல வாங்கியிருக்கார், அம்புட்டு வருசமும் மறக்காம இருந்திருக்கார். அது அவரா இருந்ததுல எனக்கு நிம்மதிதான்.

பஞ்சாபகேசன் அய்யாவுக்கும் டீச்சருக்கும் சேதி சொல்லிவிட்டேன். நீ வந்ததும் காட்சிசாலைக்குக் கூட்டிட்டு வரணும்னு பெரியவர் சொல்லிவிட்டிருக்கார். பக்ருன்னிசாவுக்கு என்ன நிறம் பிடிக்கும்? மாமி கேட்டுக்கிட்டே இருக்கா. உடனே எழுது.

உன் கடுதாசி வந்த அன்னிக்கு, லுஹர் தொழுதுட்டு அதைத் தலமாட்டுல வச்சுக்கிட்டுச் சும்மா சாஞ்சேன். அசர் பாங்கு சொல்லித்தான் முழிச்சேன். நான் பகல்ல படுத்து யாரும் பார்த்தது கிடையாது. மாமி பயந்துபோயி நெத்தியைத் தொட்டுப் பார்த்தா.

"காய்ச்சல் எல்லாம் இல்லை மதினி, தூங்கத்தான் செஞ்சேன்"னு சொன்னேன்.

உன் அம்மா
மைதீன் பீவி