கர்னல் தள்ளிவிட்ட ராஜா

லிஸ்பன்,
6 அக்டோபர் 1968

அன்புள்ள மாப்பிள்ளை அபீலியோவுக்கு,

உன் அத்தான் செலெஷ்டீனோ, கைகால் முழுசாக, சொந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன மாதம் இதே வரியை எழுதியிருந்தால் பாதி பொய்யாகியிருக்கும். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாராவது படித்துவிடுவார்கள் என்பதால், பாரிசுக்குத் தக்கை ஏற்றிப்போகும் லாரிக்கார செவெரீனோவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்கா எர்மெலிந்தா சௌக்கியம். என்னைத் திட்டுவதற்கான தெம்பு துளியும் குறையவில்லை.

பெரியவர் விழுந்த சங்கதி அங்கேயும் வந்திருக்கும். முப்பத்தாறு வருஷம் பிரதமராக நம் தலைமேல் உட்கார்ந்திருந்தவர், ஆகஸ்டில் கடலோரம் ஓய்வெடுக்கப் போன இடத்தில் நாற்காலியோடு விழுந்தார். ஒரு மாதம் மூடி மறைத்தார்கள். தலையில் ஆபரேஷன் ஆன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

பத்திரிகையில் வரும் என் ராஜா காலத்துத் தொடர்கதையை நீ படிப்பதில்லை என்று தெரியும். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நீ எல்லை தாண்டிய அன்றைக்குக்கூட, "செத்த ராஜாவைத் திட்டுறதுக்கு என்ன தைரியம் வேணும் அத்தான்? உயிரோட இருக்கறவனைப் பத்தி எழுதுங்க" என்று குத்திவிட்டுத்தான் போனாய். கேள் கூத்தை. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வந்த அத்தியாயத்தில், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய என் கிழட்டு ராஜா நாற்காலியிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார். மந்திரிகள் அதை ஊருக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

பெரியவர் செய்தி வெளியானதும் காபிக் கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. மருந்துக்கடை குவால்தீனோ என் காதோரம் குனிந்து, "ஓய், உமக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சுது? உள்ளே ஆள் வெச்சிருக்கீரா?" என்றான். ஐயோ, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் மர்மமாகச் சிரித்துத் தொலைத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவன் என்னைத் தைரியசாலியாகப் பார்க்கிறான். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அந்தச் சிரிப்பு நாலே நாளில் ரகசிய போலீஸ் வரை போய்விட்டது.

அவர்கள் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மாற்றி மாற்றி இரண்டே கேள்விதான் கேட்டார். நாற்காலி விஷயம் யார் சொன்னது? உன் மைத்துனன் பாரிசில் எங்கே இருக்கிறான்? இரண்டாவதற்குத் தெரியாது என்றேன். இருபது தடவை கேட்டார். இருபது தடவையும் தெரியாது.

முதல் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதிலே இருந்தது. ஆனால் நம்புகிற மாதிரி இல்லை. நான் எழுதியது குதிரை, அபீலியோ! ராஜா வேட்டையில் குதிரையிலிருந்து விழுகிறார். அச்சுக்கு முன் புரூஃப் வழக்கம்போலத் தணிக்கைக்குப் போயிற்று. அங்கே நீலப் பென்சில் பிடித்திருப்பவர் ஓய்வுபெற்ற குதிரைப்படைக் கர்னல் பர்ராதஷ். குதிரையை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "நம் ராஜா எவரும் குதிரையிலிருந்து விழமாட்டார். குதிரைப்படைக்கு அவமானம். நாற்காலி போதும்." கீழே கையெழுத்து, முத்திரை. நானும் சரி, விழுந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் அதையே சொன்னேன்; அந்தப் புரூஃப் எங்கே என்று கேட்டு வீட்டுக்கே இழுத்து வந்தார்கள். உன் அக்கா கொஞ்சமும் அசரவில்லை. சமையலறையில் கருவாட்டைத் தூக்கி, அடியில் விரித்திருந்த தாளை உருவி நீட்டினாள். "இந்த மனுஷன் எழுதினதுல உருப்படியா பயன்பட்டது இது ஒண்ணுதாங்க" என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை படித்தார். என்னைப் பிடித்தால் கர்னலையும் பிடிக்க வேண்டும். கர்னலைப் பிடித்தால் தணிக்கை ஆபீசே பெரியவரை நாற்காலியிலிருந்து தள்ளியதாக ரிப்போர்ட் எழுத வேண்டும். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "இப்படி ஒரு பேப்பர் கிடையாது. நீங்க எங்க ஆபீசுக்கு வரவும் இல்லை. புரியுதா?" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வாயை மூடிக்கிட்டு உக்காருங்க" என்றாள் உன் அக்கா. அபீலியோ, உட்காருவது எவ்வளவு சுகமான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் போனதும் நாங்கள் இரண்டு பேரும் அழும்வரை சிரித்தோம்.

காபிக் கடையில் இன்னும் நான் வீரன்தான். உண்மையை நீ மட்டும் தெரிந்துகொள். பாரிசில் யாரிடமும் உளறிவிடாதே.

பெரியவர் இடத்துக்கு வேறொருவர் வந்தாயிற்று. கர்னல் பென்சிலைச் சீவிக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் ஊருக்கு வரும் யோசனை இப்போது வேண்டாம். அக்கா பின்னிய கம்பளிச் சட்டை இதோடு வருகிறது. கை நீளமாக இருந்தால் மடித்துப் போட்டுக்கொள்.

ஒரே ஒரு காரியம் செய். இது கையில் கிடைத்ததும் அறையை மாற்றிவிடு. புது விலாசத்தை எனக்கு எழுதாதே, அக்காவுக்கும் வேண்டாம். இருபத்தோராவது தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. செவெரீனோ அங்கே சரக்கு இறக்கும் கிடங்குக்குப் போய், நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லியனுப்பு.

நூறு வயசு நன்றாக இரு, எங்களுக்குத் தெரியாத இடத்தில்.

உன் அத்தான்,
செலெஷ்டீனோ