புரோட்டீன் டப்பாவுக்குப் பத்தியம்

ரோசி நைனாவுக்கு,

நான் ரைஸ் மில்லுக்குக் கிளம்பிட்டேன். வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுக் கங்கம்மாகிட்ட குடு.

நீ வாங்கின புரோட்டீன் பவுடர் மருந்தே இல்லையாம், கவரைப்பேட்டை கம்பவுண்டர் சொன்னார். கடலையும் பால்பவுடரும் கலந்த மாவாம். அதுக்குப் போய்க் கருவாடு, கத்திரிக்காய் எல்லாத்தையும் விட்டுட்டுப் பத்தியம் இருந்துக்கினு கிடக்கிறே. எடை எங்கேர்ந்து ஏறும்?

திங்கக்கிழமை புது கம்பெனியில எடை பார்த்துத்தான் ஆள் எடுப்பாங்க. அடுப்பு மேல கருவாட்டுக் குழம்பு இருக்கு. சட்டியை வழிச்சுச் சாப்பிடு.

நேத்து கத்தினதை வாபஸ் வாங்க மாட்டேன். அந்த டப்பா விலைக்கு மாசம் பூரா மீன் வாங்கலாம்.

ஞானம்மா

மீதிப் பவுடரை ரோசி குடிக்கட்டும், அவளுக்குப் பிடிச்சிருக்கு.

இன்னொண்ணு. வேலை கிடைக்கலேன்னாலும் சோத்தை விடாதே. ராத்திரியில உன் எலும்பு என்னைக் குத்துது.