சகாயம் என்னைத் தெரியாது என்றான்

2006 அக்டோபர் 12, வியாழன், இரவு

சகாயமும் நானும் ஆறு வருடமாகச் சேர்ந்து டிரான்ஸ் என்னும் எலக்ட்ரானிக் நடன இசை செய்கிறோம். நேற்று ராத்திரி வடகவுஞ்சி மலைக்கிராமத்துக்கு மேலே நாங்கள் நடத்திய பார்ட்டிக்கு வந்த கூட்டம், பக்கத்துப் பூண்டுத் தோட்டத்தை மிதித்து நாசமாக்கிவிட்டது. காலையில் ஊர்க்காரர்கள் எங்கள் இருவரையும் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டார்கள்.

"நான் சும்மா பாட்டுக் கேக்க வந்தேனுங்க. இவரு யாருன்னே தெரியாதுங்க" என்றான் சகாயம். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"ரெண்டு பேரும் ஒரே மிஷின் முன்னாடி நின்னீகளே, நான் பாத்தேனே" என்றார் தோட்டக்கார அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவரு வேற ஆளுங்க. எல்லாம் என் சோலிதான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் புரியவில்லை.

அவன் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் பொழுது சாயும்வரை அந்த அம்மாவோடு குனிந்து பூண்டு ஊன்றினேன். விரலெல்லாம் காந்துகிறது.

எட்டு மணிக்கு போன் செய்தான். "ஏலே, மனசுல வச்சுக்காத. சனிக்கிழமை கோவாவுல வாசிக்கணும். நம்ம புதுப் பாட்டை வெரசா அனுப்பு."

சரி என்றேன். அந்தப் பாட்டில் டிரம்ஸ் அவன் செய்தது, மெட்டு நான் செய்தது. டிரம்ஸை மட்டும் சிடியில் பதிந்து உறையில் போட்டிருக்கிறேன். வெள்ளனே முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும்.