ஒரு தரம் கேட்கும் பொம்மை

ரேணிகுண்டா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முரளி அண்ணாவுக்கு, ஷோபா எழுதுவது. இங்கே நான் நலம். நைனாவும் நலம் என்று எழுதப் போன கையை நிறுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி, பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் உன் சிநேகிதன் குணாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் பேச்சுத்துணையாக எங்கள் கம்பெனியில் ஒரு ரோபோ செய்கிறோமே, அதில் முதலாவதைச் சத்தியவேட்டில் நைனாவிடம்தான் வைத்தேன். குடம் உயரம், இரண்டு கண், தமிழும் தெலுங்கும் பேசும். வேளாவேளைக்குச் சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பதிலை என் போனுக்கு அனுப்பும். வைத்ததிலிருந்து நாற்பது நாளும் "ஆச்சு" என்றே வந்தது. அதை மீட்டிங்கில் காட்டிக் கைதட்டல் வேறு வாங்கினேன்.

போன வியாழக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். நைனா மேல் பனியன் தொளதொளவென்று தொங்குகிறது. குக்கர் மூடியில் தூசி. டீயும் பன்னும் தவிர எதையும் தொடுவதில்லை என்றாள் எதிர்வீட்டுத் தாட்சாயணி அக்கா. மதியம் ரோபோ கேட்டது. என் கண்ணெதிரிலேயே "ஆச்சும்மா" என்றார்! ஏன் நைனா பொய் சொல்கிறாய் என்று கத்திவிட்டேன். அவருக்கு என் கோபமே புரியவில்லை. "இன்னாம்மா இது, அது வேத்து ஆளாச்சே. துன்னியான்னு கேட்டா ஆச்சுன்னுதானே சொல்லணும்? ஒரு தரம் கேட்ட ஒடனே தட்டு வச்சிக்கினு குந்திடறதா?" என்றார்.

நாமும் அப்படித்தானே வளர்ந்தோம் அண்ணா. யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்விக்கு ஆச்சு. மறுபடி கையைப் பிடித்துக் கேட்டால்தான் உட்காருவோம். இது தெரிந்த நானே ரோபோவை ஒரே கேள்வியோடு நிறுத்தியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

சமைத்து வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். உட்கார்ந்து இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாவது கேள்வியைச் சேர்க்கலாம் என்றால், திரும்பத் திரும்பக் கேட்டால் எல்லாருக்கும் எரிச்சல் வரும் என்கிறார் மேலதிகாரி நரசிம்மன். தினமும் சண்டை. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து போனைப் பார்க்கிறேன். "ஆச்சு" என்று வந்தால் தாட்சாயணி அக்காவுக்குப் போன் போட்டு, நிஜமாகவே சாப்பிட்டாரா என்று கேட்கிறேன். இப்போதைக்குத் தாட்சாயணி அக்காதான் மதியச் சோறு கொடுக்கிறாள், அதுவும் என் வற்புறுத்தலில். எத்தனை நாளைக்கு?

இன்னொன்று. பொங்கலுக்கு வரட்டுமா என்று நீ போனில் நைனாவிடம் கேட்டாயாம். வேணாம், வேலையைப் பாரு என்றாராம். அதோடு நீயும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. போனில் நானும் ஒரு தரம் கேட்டுவிட்டு வைக்கிறவள்தான்.

நீயும் அண்ணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த வாரம் நைனாவிடம் பேசும்போது, வரட்டுமா என்று இன்னொரு தரம் கேள் அண்ணா.

உன் தங்கை,
ஷோபா