காரணம் எழுதாத சான்று

ஓசூர்
3.2.2025

மதிப்பிற்குரிய கோவிந்தராசு அவர்களுக்கு,

நான் அமிர்தம். கம்மாபுரம் சாமிக்கண்ணுவின் சின்ன மகள். உங்கள் முதல் மனைவி ஆராயியின் தங்கை. அக்கா இறந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. முப்பத்தொரு வருடம் கழித்து நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகன் பாரிக்குப் பத்தொன்பது வயது. போன மாதம் கல்லூரியில் கைப்பந்து ஆடும்போது சுருண்டு விழுந்துவிட்டான். பிழைத்துக்கொண்டான். இருதயத் தசை தடித்திருக்கிறதாம். இது குடும்ப வழியாக வருகிறதா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமாம். "உங்க பக்கம் நாப்பது வயசுக்குள்ள திடீர்னு இறந்தவங்க யாரு யாரும்மா? எதனால? பேப்பர் இருந்தா கொண்டாங்க" என்றார். அன்றிலிருந்து செத்தவர்களின் சான்றுகளைத் தேடி அலைகிறேன். தாய்மாமாவுடையது திட்டக்குடியில் நாலு நடையில் கிடைத்தது. வயது முப்பத்துநாலு, வயலில் இறந்தவர். பாம்பு கடித்தது என்பார்கள்.

அக்காவின் இறப்புத் தேதிகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். அண்ணன் திருமால் உங்கள் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். பழைய பதிவுகள் கம்ப்யூட்டரில் இல்லை. நேரில் போய்ப் பதிவேட்டைப் புரட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இனியும் பையனை விட்டு என்னால் நகர முடியாது. நீங்கள் எடுத்து அனுப்புவீர்களா?

நீங்கள் அக்காவை அடித்துக் கொன்றதாகச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அது உண்மையென்றால் டாக்டருக்கு அந்தச் சான்று தேவைப்படாது. அதனால்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அமிர்தம்


விருத்தாசலம்
17.2.2025

அமிர்தத்துக்கு,

அனுப்புநர் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். உன் அக்கா போன தேதி 28.8.1993, சனிக்கிழமை.

செராமிக் கம்பெனியில் களிமண் அரைக்கும் மில் பக்கம் இருபத்தாறு வருடம் நின்றதில் எனக்குக் காது மந்தம். அதனால் ஆபீஸுக்கு நீலாவதியைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பிறகு கட்டிக்கொண்டவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா யாருக்குச் சான்று என்று கேட்டிருக்கிறார். "எங்க வூட்டுக்காரரோட மொத சம்சாரத்துக்குங்க" என்றாளாம் இவள். "நீங்க யாரு?" "ரெண்டாவதுங்க." வரிசையில் நின்றவர்கள் சிரித்ததைப் பார்த்தேன். எதற்கென்று வெளியே வந்த பிறகுதான் சொன்னாள்.

முதல் நாள் மனு எழுதிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் நாளைக்கு வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் தேடிப் பார்த்துவிட்டு, கோவிந்தராசு மனைவி ஆராயி என்று அந்த வருடத்தில் யாரும் இல்லை என்றார்கள். வெயில் இப்போதே சுடுகிறது. "மனு எழுதி எழுதிக் கை வலிக்குது. பேசாம கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிடலாம், அவரு சீக்கிரம் விசாரிப்பாரு" என்கிறாள் நீலாவதி. அடுத்த வாரம் மறுபடி போகிறோம்.

பையனை மாடி ஏற விடாதே.

கோவிந்தராசு


ஓசூர்
12.3.2025

கோவிந்தராசு அவர்களுக்கு,

ரிஜிஸ்டர் தபாலில் சான்று மட்டும் வந்தது. கூட ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

ஏன் முதலில் கிடைக்கவில்லை என்று பார்த்ததும் புரிந்தது. தகவல் கொடுத்தவர் அப்பா. தந்தை பெயர் சாமிக்கண்ணு என்று எழுதச் சொல்லியிருக்கிறார். கணவர் பெயரே இல்லை. அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் தேட வைத்தீர்களோ.

ஆனால் எதனால் இறந்தாள் என்பது அதில் இல்லை. தாய்மாமாவுடையதில் இல்லாததை விட்டுப்போனது என்றுதான் நினைத்திருந்தேன். ஆபீஸுக்குப் போன் போட்டேன். "காரணத்தைச் சான்றுல போடக் கூடாதும்மா, சட்டமே அப்படித்தான்" என்றார்கள். ஒன்றரை மாதமாக ஒவ்வொரு காகிதமும் அடுத்த காகிதத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "பெரியம்மாவுக்கும் இதுதானாம்மா?" என்று கேட்கிறான்.

உங்களையே கேட்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது?

அமிர்தம்


விருத்தாசலம்
20.3.2025

அமிர்தத்துக்கு,

உன் வீட்டிலிருந்து இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீ. முதல் கடிதத்தில் நீயும் சான்றைத்தான் கேட்டிருந்தாய்.

இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வந்தேன். உன் அக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "டீ போட்டு மூடி வெச்சிருக்குது, ஆறிடப் போவுது, போய்க் குடிங்க" என்றாள். உள்ளே போய் டம்ளரை எடுப்பதற்குள் குடம் விழுந்த சத்தம் கேட்டது. அப்போதெல்லாம் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஓடி வந்து தூக்கினேன். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் இரண்டு தடவை "நெஞ்சு படபடங்குது" என்று சொன்னாள். சோடா வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. நான் செய்த தப்பு அதுதான்.

உன் அப்பா புகார் கொடுத்தார். பதினோரு நாள் உள்ளே இருந்தேன். உடலை நீங்கள் கொண்டுபோனீர்கள். நான் கொள்ளி வைக்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததும் இன்ஸ்பெக்டர் என்னையும் உன் அப்பாவையும் உட்கார வைத்துத் தமிழில் சொன்னார். உடம்பில் காயம் இல்லை. வயிற்றில் விஷம் இல்லை. இருதயத் தசை தடித்துப்போய் அது நின்றிருக்கிறது. உன் அப்பா எழுந்து நின்று, "இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு நெஞ்சு நிக்குமாய்யா? யாருகிட்ட கதை வுடுறீங்க?" என்று கத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அன்று அதை நம்ப முடியவில்லை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் வந்தேன். கதவைச் சாத்தியது நீ. சின்னப் பிள்ளை, சாத்தச் சொன்னார்கள், சாத்தினாய்.

அந்த அறிக்கை இதோடு இருக்கிறது. என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். திருப்பி அனுப்ப வேண்டாம்.

கோவிந்தராசு


ஓசூர்
6.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

டாக்டர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். "இதைத்தாம்மா தேடிட்டிருந்தோம்" என்றார். பாரிக்கு நெஞ்சுக்குள் ஒரு கருவி பொருத்தப் போகிறார்கள். அது இருந்தால் இருதயம் தடுமாறும்போது தட்டி ஓட்டிவிடுமாம். இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன். எனக்கும் பார்த்தார்கள், லேசாக இருக்கிறது, மாத்திரை போதும் என்கிறார்கள்.

அண்ணனுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். எழுந்து போய்விட்டான். மறுநாள் பிள்ளைகள் இரண்டையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போனதாக அண்ணி சொன்னாள்.

அந்தக் கதவு எனக்கு மறக்கவில்லை மாமா. கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தீர்கள். சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் நின்றீர்கள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனீர்கள். ஏன் கையில் எடுத்தீர்கள் என்று அன்று யோசித்தேன். கேட்கத்தான் முடியவில்லை.

பாரி எழுந்து நடமாடியதும் நாங்கள் எல்லோரும் விருத்தாசலம் வருகிறோம். உங்கள் காலில் விழுந்தால்தான் எனக்கு ஆறும். எந்தத் தேதி சௌகரியம் என்று எழுதுங்கள். நீலாவதி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
அமிர்தம்


விருத்தாசலம்
13.4.2025

அமிர்தத்துக்கு,

பையனுக்கு ஒரு வழி பிறந்ததில் நிம்மதி.

நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் எந்த வருடம் போனது என்றே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்தால் அழுவீர்கள். நான் தேற்ற வேண்டும், மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை அம்மா. யாராவது கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடமாக எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஞாபகத்தில் வைத்திருந்தேன். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி எழுதவும் வேண்டாம்.

நன்றாக இருங்கள்.

கோவிந்தராசு

தங்கச்சி, இது நீலாவதி எழுதுவது. மேலே உள்ளதை எழுதிவிட்டு, பேனாவைக்கூட மூடாமல் அப்படியே தூங்கிவிட்டார். மணி பகல் பதினொன்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து, இரவு ஷிப்ட் முடிந்து வந்த நாளில்கூட, அவர் பகலில் கண் மூடி நான் பார்த்ததில்லை. படுத்தால் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இன்று தலையைத் தூக்கித் தலையணை வைத்தேன், அதற்கும் விழிக்காமல் குறட்டை விடுகிறார். கடிதத்தை நான்தான் தபாலில் போடப் போகிறேன்.

அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும், வர வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி போடு. என் பேருக்குப் போடு.